கண்ணுக்குத் தெரியாத கரை

— அப்ப சொல்லிட்டியா, போவக் கூடாதுன்னு?

— இரு மங்கலம். சிதம்பரத்துலேர்ந்து பஸ்ல நின்னுகிட்டே வர்றேன். மொதல்ல தண்ணி குடு.

— இந்தா. ஆஸ்திரேலியாவுக்குப் போயி படிக்கறதெல்லாம் வேணாம்னு மவகிட்ட சொல்றதுக்குத்தான ஒன்ன அனுப்புனேன்?

— அதுக்குத்தான் போனேன். அங்க பாத்தா, இலக்கியா காலேஜுல பெரிய ஹால்ல மைக் புடிச்சி பேசிகிட்டு நிக்கிறா. நானும் கடைசி பெஞ்சில குந்திட்டேன்.

— என்னா பேசினா?

— ஆதி மனுசங்களப் பத்தி. ஆப்பிரிக்காவுலேர்ந்து பொறப்பட்ட கூட்டம், கடலோரமாவே மட்டி, நண்டு பொறுக்கித் தின்னுகிட்டு வந்துச்சாம். அப்பன் நின்ன எடத்துலேர்ந்து புள்ள கொஞ்ச தூரம், புள்ள நின்ன எடத்துலேர்ந்து பேரன் கொஞ்ச தூரம். நம்ம கிள்ளைப் பக்கம்கூட வந்துருக்கலாம்னா.

— நம்ம ஊரு பேரச் சொன்னாளா?

— மைக்குல சொன்னா. அப்படியே போயி போயி, ஒரு எடத்துல நெலம் முடிஞ்சி போச்சாம். எதிர்ல கடலு. அந்தாண்ட ஆஸ்திரேலியா. ஆனா கண்ணுக்குத் தெரியாது.

— தெரியாத எடத்துக்கு எவன் போவான்?

— போயிருக்காங்க புள்ள. காத்து இழுத்துட்டுப் போயிருக்கும்னு ஒரு வாத்தியாரு எழுந்து சொன்னாரு. இவ ஒத்துக்கல. அப்படி ரெண்டு பேரு ஒதுங்கியிருந்தா வம்சம் தழைச்சிருக்குமா, பொம்பளைங்க புள்ளைங்கன்னு நெறைய பேரு வேணும்னேதான் தெப்பத்துல ஏறியிருக்கணும்னா.

— நீ சும்மாவா குந்தியிருந்த?

— சுனாமியன்னிக்கி நான் கையப் புடிச்சி இழுத்துகிட்டு ஓடுன புள்ள அது. எழுந்து கேட்டுட்டேன். போனவங்க கதை சரிம்மா, இந்தாண்ட கரையிலயே நின்னவங்க என்னா பண்ணாங்கன்னு.

— அத்தினி பேரு முன்னாடியா?

— அப்பதான் என்னப் பாத்தா. அப்புறம் சொல்றா, 'அவுங்கதாம்ப்பா தெப்பம் கட்டிக் குடுத்துருப்பாங்க'ன்னு.

— அப்புறம்?

— எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்கு மூக்கு ஒழுவுது. வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்தேன். அங்க குளிரு ஜாஸ்தியா இருக்கப் போவுது, நல்ல ஸ்வெட்டரா பாத்து வாங்கிக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்லப் போனத சொல்ல வாய் வரல மங்கலம். திட்டாத.

— நான் எதுக்குத் திட்டறேன்? ஒரு மாசமா வேணாம் வேணாம்னு நின்னது நீதான். நேர்ல போயி சொல்லிட்டு வான்னது சும்மா ஒரு சாக்கு; இன்னிக்கி அவ பேசப் போறான்னு தெரிஞ்சிதான்யா ஒன்ன பஸ் ஏத்தி உட்டேன்.