வரலாம், வரலாம்

மேடம்: இருங்க, மறுபடி சொல்லுங்க. உங்க வேன் கம்பத்துல இடிச்சுதா, கம்பம் வந்து உங்க வேன்ல இடிச்சுதா?

ஓட்டுநர்: கம்பம் அதுபாட்டுக்கு நின்னுட்டுதான் இருந்துச்சு மேடம். நான்தான்... ரிவர்ஸ் எடுத்தேன்.

மேடம்: அப்படி ஒழுங்கா சொல்லுங்க. எப்போ?

ஓட்டுநர்: இப்பதான். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. எது நடந்தாலும் உடனே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும்னு ரூலு. சொல்லிட்டேன்.

பெரியவர்: ரூலாம் ரூலு! போன வை தம்பி. ஒரு கீறலுக்கு இவ்வளவு கச்சேரியா?

மேடம்: அது யாரு குரல்?

ஓட்டுநர்: அது... பேஷன்ட் மேடம். வீல்சேர்ல பின்னாடி இருக்கார். டயாலிசிஸ் முடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். தன்னைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்.

மேடம்: மொதல்ல அதையில்ல சொல்லணும்! அடி பட்டுச்சா?

பெரியவர்: இல்ல.

ஓட்டுநர்: தலையில, மேடம். ஜன்னல் கண்ணாடியில இடிச்சுக்கிட்டார். லேசா வீங்கியிருக்கு.

பெரியவர்: காட்டிக் கொடுத்துட்டியே, பாவி!

மேடம்: ஐயா, டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்டிருப்பாங்க. தலையில அடின்னா லேசாங்கற பேச்சே கிடையாது, உள்ளுக்குள்ள கசியலாம். ஆம்புலன்ஸ் அனுப்பறேன். வண்டிய நகத்தாதீங்க, லைன்லயே இருங்க... ம், கெளம்பிருச்சு. பத்து நிமிஷம். மயக்கம், வாந்தி ஏதாவது இருக்கா?

பெரியவர்: பசி இருக்கு.

மேடம்: டாக்டர் பாக்கற வரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க. அண்ணே, ஃபார்ம் எழுதணும். வீல்சேர வண்டித் தரையோட கட்டற நாலு பட்டையும் மாட்டினீங்களா?

ஓட்டுநர்: நாலையும் மாட்டி இழுத்துப் பாத்தேன்.

மேடம்: ஐயாவுக்கு பெல்ட்டு?

ஓட்டுநர்: பெல்ட்டா... அது வந்து...

மேடம்: அண்ணே?

ஓட்டுநர்: மறந்துட்டேன் மேடம்.

மேடம்: என்னது! பெல்ட் போடாம வண்டி எடுத்தா வேலை போயிடும்னு தெரியும்ல? போன மாசம்தான் ஒரு மெமோ வாங்கினீங்க...

பெரியவர்: பொய்யிம்மா! போட்டான். நான்தான் கழட்டினேன்.

ஓட்டுநர்: ஐயா, சும்மா இருங்க! நீங்க கழட்டினது தெரிஞ்சா இனிமே தனியா அனுப்ப மாட்டாங்க. கூட மருமக வருவாங்க.

பெரியவர்: ஐயையோ! அவ வழி நெடுக, எத்தன வாய் தண்ணி குடிச்சேன்னு கேள்வி கேட்டே கொன்னுடுவாளே... சரி, வரட்டும். உன் பொழப்புல மண்ணு விழறதுக்கு அது தேவல. எழுதிக்கம்மா, நான்தான்.

மேடம்: எதுக்குய்யா கழட்டினீங்க?

பெரியவர்: திரும்பிப் பாக்கத்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி யாரு பாக்கறது?

மேடம்: டிரைவர் இறங்கிப் பாக்கணும். இறங்கினீங்களா அண்ணே?

ஓட்டுநர்: இறங்கின மாதிரிதான்...

பெரியவர்: அவன் எதுக்கும்மா இறங்கணும்? முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன் நான்! எட்டு மாசமா இந்தச் சந்துல 'வரலாம், வரலாம்... ஹோல்டான்'னு நான்தான் சொல்றேன். பெல்ட்டோடயே கழுத்தத் திருப்பிச் சொல்லிடுவேன். இன்னிக்குதான் சரியா தெரியலேன்னு கழட்டினேன். வீட்ல ஒரு துரும்பக்கூட நகத்த விட மாட்டேங்கறாங்க. எனக்குன்னு மிச்சம் இருக்கற உத்யோகம் இது ஒண்ணுதான்.

மேடம்: எட்டு மாசமா இடிக்காதது இன்னிக்கு எப்படி இடிச்சுது?

பெரியவர்: அது... கம்பம் புதுசு.

ஓட்டுநர்: பழசு மேடம். துருப் பிடிச்சிருக்கு.

பெரியவர்: வெயில் கண்ணுல அடிச்சுது.

ஓட்டுநர்: மழை தூறிட்டிருக்குங்கய்யா.

பெரியவர்: நீ யாரு பக்கம்டா?... சரி, சொல்லித் தொலைக்கறேன். ஆறு மாசமா கண்ணு மங்கல். நாலு அடி தாண்டினா எல்லாம் புகையாத் தெரியுது. சொன்னா இந்த உத்யோகத்தையும் பிடுங்கிடுவீங்களே! தம்பி, உன்ன ஏமாத்திட்டேன்டா. மன்னிச்சுரு.

மேடம்: கடவுளே! ஆறு மாசமா கண்ணு தெரியாதவர் பேச்சக் கேட்டா அண்ணே ரிவர்ஸ் எடுத்தீங்க?

ஓட்டுநர்: சேச்சே, இல்ல மேடம்! அவருக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். எப்பவும் சைடு கண்ணாடியப் பாத்துதான் எடுப்பேன், அவர் சொல்றதுக்கு சும்மா தலைய மட்டும் ஆட்டுவேன். 'நீ என் பேச்ச மதிக்கறதே இல்ல'ன்னு இன்னிக்கு ரொம்ப வருத்தப்பட்டார்... மனசு கேக்கல. அதான் மொதல் தடவையா அவர் சொன்னதக் கேட்டேன்.