வெள்ளிக்கிழமை முட்டை

முட்டைதான் பெரிம்மா, வேற ஒண்ணும் இல்ல. அவிச்ச முட்டை. வாடை அடிக்குதா? ஜன்னலை நல்லா தூக்கி வுட்டுக்குங்க. தெரியும் தெரியும், இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தபசு காலம், சுத்தபோசனம், கவிச்சி கூடாது, எல்லாம் தெரியும். வில்லியனூர்ல நீங்க ஏறினப்பவே கழுத்துல மாதா படம் போட்ட உத்தரியக் கயிறைப் பாத்துட்டேன். போச்சிடா, நம்ம வேதக்காரங்க பக்கத்துலயே வந்து மாட்டிக்கினோம்னு நெனச்சேன். நானும் கோயிலுக்குப் போற வூட்டுப் பொண்ணுதான். ஜெயசீலின்னு பேரு. விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பல் வாங்கிக்கினவதான், சந்தேகப்படாதீங்க.

கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சி ஒக்காருங்களேன். ஆங், அப்பிடித்தான். அந்தப் பையை மடிமேல நிமித்தி வெச்சிக்குங்க. எங்க ஊர் ஆளுங்க முன்னாடி சீட்ல இருக்காங்க. யாருனா திரும்பினா எனக்கு ஒரு இடி இடிங்க, வாயை மூடிக்கறேன்.

மணி இன்னா ஆவுது? உங்ககிட்ட வாட்ச் இல்லியா. கண்டக்டர் எறங்கிப் போயி பீடி பத்த வெச்சிட்டாரு பாருங்க, அப்ப இது இப்போதிக்குத் தொறக்காது. இந்த அரும்பாத்தபுரம் ரயில் கேட்டு இருக்குதே, எனக்குன்னே மூடுவான். சும்மா போற அன்னிக்கெல்லாம் ஆன்னு தொறந்து கெடக்கும். அவசரம்னு ஒரு நாளு கெளம்பினா கூட்ஸ் வண்டி வந்துடும்.

பத்து மணிக்கு நான் எடை மிஷின் மேல நிக்கணும் பெரிம்மா. நாப்பத்தஞ்சி கிலோ இருக்கணும். கொஞ்சம் கொறைஞ்சாலும் வூட்டுக்குப் போம்மான்னுடுவாங்க. ஒரு தபா அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் அனுப்பிட்டாங்கன்னா எல்லாம் போச்சி, அதான் கால் இப்பிடி ஆடிக்கினே இருக்குது. உங்க மேல படுதா? படாம வெச்சிக்கறேன்.

போலீஸ் வேலையா? அப்பிடித்தான் வெச்சிக்குங்களேன். கல்யாணமா? ஐய, மாப்ள வூட்டுக்காரன் தராசு எடுத்துக்கினு வந்து பொண்ணையா நிறுக்கறான், நகையத்தான் நிறுப்பான். சொல்றேன் இருங்க. வாயில முட்டை இருக்குது.

பத்தாவது படிக்கறப்ப என்னை நீங்க பாத்திருக்கணும். ஒடம்பு கிண்ணுனு இருக்கும். காலையில ஒரு கட்டு புல்லு அறுத்துப் போட்டுட்டு, ஒரு சட்டி பழைய சோத்தைக் கரைச்சிக் குடிச்சிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமாத்தான் ஓடுவேன். பந்தயத்துல ஓடி சில்வர் தட்டு வாங்கியிருக்கேன், எங்க கோயில் சாமியார் கையால. அப்பறம் டவுனுக்குக் காலேஜி வந்தேன், அவ்ளோதான். மொத பஸ்ஸைப் புடிக்கணும்னா வாயில தண்ணி கூட படாது. மத்தியானம் ஒரு பன்னு, ஒரு டீ. பஸ்ஸுல நின்னுக்கினே வூடு வந்தா நாலு பசங்களுக்கு டியூசன் சொல்லணும், அதுங்க போனப்பறம் ரெக்கார்டு நோட்டுல தவளை வரையணும். விலங்கியல் படிக்கறேன் பெரிம்மா. தவளையோட கொடலு, தவளையோட ஈரலுன்னு வரைஞ்சி கலர் அடிச்சிட்டு வந்து தட்டுல ஒக்காந்தா யாருக்குச் சோறு எறங்கும், நீங்களே சொல்லுங்க. தவளைக்கு இதயத்துல எத்தனை அறைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எனக்குன்னு ஒரு ஒடம்பு இருக்குதுன்றதையே மறந்து போயிட்டேன்.

பொங்கல் கழிச்சிதான் அவங்க என்னை அந்த மிஷின்ல நிக்க வெச்சாங்க. முள்ளு நாப்பத்தி ஒண்ணுல நின்னுடுச்சி. ஒரு டாக்டரம்மா கண்ணு ரெப்பையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க. சுண்ணாம்பாட்டம் இருக்குதேம்மா, நீ சோறு திங்கறியா, காத்து குடிக்கறியான்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சி. அந்தம்மாதான் சொன்னாங்க, ஓடு, நட, ஒடம்பு அசைஞ்சாதான் பசி எடுக்கும், பசி எடுத்தாதான் தின்னது ஒட்டும். ஈரல் தின்னு, முட்டை தின்னு, கீரை தின்னு, கேவுரு களி தின்னு. தேறிட்டு வா, அது வரைக்கும் நாங்க தள்ளி வெக்கறோம், ஆனா ரொம்ப நாளு தள்ள முடியாதுன்னாங்க.

சரி, ஓடலாம்னு கெளம்பினேன். ஏரிக்கரை மேல, விடியக்காலையில. அந்தக் கூத்தைக் கேளுங்க. தங்கவேல் மாமான்னு எங்க பக்கத்து நெலத்துக்காரரு, கரும்புக்கு மடை திருப்பிக்கினு நின்னாரு. நான் தாவணியை இழுத்து சொருகிக்கினு தலைதெறிக்க ஓடறதைப் பாத்தாரு. மம்பட்டியைக் கீழ போட்டாரு, பின்னாடியே ஓடி வராரு. யாரு பாப்பா உழுந்தது, எந்தக் கெணறு, எந்தக் கெணறுன்றாரு. அவரு ஓடறதைப் பாத்து இன்னும் ரெண்டு பேரு, ஒருத்தன் கையில கயிறு. நான் நின்னேன். அவங்களும் நின்னாங்க. யாரும் உழுல மாமா, சும்மா ஓடினேன்னேன். அந்த ஆளு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. எங்க ஊர்ல ஒருத்தி ஓடினா ஒண்ணு மாடு அத்துக்கினு போயிருக்கணும், இல்ல யாருக்குனா உசுரு போயிக்கினு இருக்கணும். சும்மா ஓடறதுன்றது கெடையாது.

அன்னிக்கு சாயங்காலமே வூட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட கேட்டாரு, பொண்ணுக்குக் காத்து கருப்பு எதுனா அடிச்சிடுச்சான்னு.

அப்பறம் ஒரு யோசனை பண்ணேன். கையில ஒரு சொம்பு எடுத்துக்கினேன். சொம்பு இருந்தா வெளிக்குப் போறான்னு யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க இல்ல? வெரசா நடப்பேன், ஆளில்லாத எடத்துல ஓடுவேன், யாருனா வந்தா சொம்பைக் காட்டிக்கினு நடப்பேன். ஒரு வாரம் நல்லா போச்சி. ஒரு நாளு பக்கத்து வூட்டு அமுதக்கா ஒரு டம்ளர் நெறய மாதுளந்தோல் கஷாயம் கொண்டாந்து நீட்டுது. எத்தினி நாளாடி உனக்கு இப்பிடிப் போயிக்கினு இருக்குது, ஏரியைச் சுத்திச் சுத்தி ஓடறியே, சொல்லக் கூடாதான்னுது. சிரிக்காதீங்க பெரிம்மா, குடிச்சது நான். ரெண்டு நாளு வயிறு கல்லாட்டம் ஆயிடுச்சி.

அந்த அமுதக்காகிட்ட மட்டும்தான் சங்கதியைச் சொன்னேன். அதுதான் எனக்கு சுவரொட்டி சுட்டுக் குடுக்கும். ஆட்டோட சுவரொட்டி, ஈரலு பக்கத்துல இருக்குமே, அதான். எங்க வூட்ல தபசுக்கு சட்டியையே கழுவிக் கவுத்துடுவாங்க, பாஸ்கு பண்டிகை வரைக்கும் கவிச்சி ஏறாது. அமுதக்கா வூட்ல ஆக்கலாம்னா அவங்களுக்கு செவ்வா வெள்ளி ஆவாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. நடுவுல அமாவாச, கிருத்திகை வந்துடும். ரெண்டு மதத்துக்கும் ஒத்து வராப்பல ஒரு நாளு பாத்து நான் திங்கறதுக்குள்ள ஆடே கெழடாயிடும்.

தொறந்துட்டானா? இல்ல, அந்த சைக்கிள்காரன் கேட்டுக்குக் கீழ பூந்து போறான். நானும் எறங்கி நடந்துடலாமான்னு இருக்குது. எங்க நடக்கறது, நடந்தா இருக்கற எடையும் எறங்கிடும். ரைஸ் மில்லுல மூட்டை நிறுக்கற தராசு மேல ஏறித்தான் பாத்துக்கறேன். மில்லுக்காரர் பலராமன் சிரிச்சிக்கினே எடைக்கல்லு வெப்பாரு. போன சனிக்கிழமை நாப்பத்தி நாலரை. அதான் இன்னிக்கு நாலு வாழப்பழத்தைத் தின்னு ரெண்டு சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு பஸ் ஏறினேன். இப்ப ஒண்ணுக்கு முட்டுது. எடை பாக்கற வரைக்கும் தாங்கணும். வேண்டிக்குங்க.

சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா எங்கம்மா கூட நான் பட்ட பாடு இருக்குதே, அது சிரிப்பு இல்ல. காசம்மாள்னா எங்க கோயில்ல எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில பதினாலு தலத்துலயும் மண்டி போட்டு எழுந்திருக்கும். எழுந்திருக்க முடியாதப்பவும் சுவத்தைப் புடிச்சிக்கினு எழுந்திருக்கும். அது பெத்த பொண்ணு தபசுல சுவரொட்டி தின்னுதுன்னு யாரோ போயி சொல்லிட்டாங்க. காலேஜில ஓட்டப் பந்தயத்துக்கு எடுத்திருக்காங்கம்மா, ஒடம்பைத் தேத்தணும்னு ஒரு பொய்யைச் சொன்னேன். ஓட்டப் பந்தயத்துக்காகவாடி ஆண்டவர் பாடுபட்ட காலத்துல நாக்கை நீட்டிக்கினு திரியறேன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுது. அதோட பேச்சை நிறுத்திடுச்சி.

சாமியார்கிட்டப் போயி என் மேல பிராது வேற குடுத்துது. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் மொதல்லயே பாவசங்கீர்த்தனத் தொட்டியில முட்டி போட்டு சொல்லிட்டேன். தின்னும்மா, இது பாவத்துல சேராதுன்னுட்டாரு. முட்டைக்கெல்லாம் இப்ப தடையே கெடையாதுன்னாரு. ஆனா அங்க கேட்டதை வெளியில சொல்ல அவருக்கு வாய் இல்ல. காசம்மா, அவ தின்னா தின்னுட்டுப் போறா, வுட்டுடுன்னு மட்டும் சொல்லியிருக்காரு. எங்கம்மாவுக்கு இன்னும் ஆத்திரம். சாமியாரே இப்பிடி ஆயிட்டாரேன்னு வூட்ல வந்து அழுவுது.

அப்பறம் அது இன்னா பண்ணுச்சி தெரியுமா. எனக்குச் சேத்து ஒருசந்தி இருக்க ஆரம்பிச்சிடுச்சி. ஒரு வேளை கஞ்சி, அதுவும் உப்பு போடாம. பொண்ணு தின்ற பாவத்தை நான் பட்டினி கெடந்து கழிக்கறேன்னுது. நான் இந்தப் பக்கம் ஒரு முட்டை தின்னா அது அந்தப் பக்கம் ஒரு வேளை சோத்தை வுடுது. நான் தேறத் தேற அது கரையுது பெரிம்மா. ஆனாலும் முழுங்குவேன். கண்ணுல தண்ணி வழியும், மென்னு முழுங்குவேன். வேணாம்னு துப்பிட்டேன்னா அது பட்ட பட்டினியும் வீணாயிடும், இல்ல?

ஊதிட்டான். கேக்குதா? வண்டி வந்துடுச்சி. இந்தக் கூட்ஸ் போயி முடியறதுக்குள்ள சொல்லிடறேன். ஏன் இன்னும் மறைச்சிக்கினு.

முன்னாடி மூணாவது சீட்டைப் பாருங்க. மெதுவா பாருங்க. ஊதாச் சீலை, கையில செபமாலை, பக்கத்துல எடம் இருந்தும் நான் ஒக்காரக் கூடாதுன்னு துணி மூட்டையை வெச்சிருக்குதே, அதுதான் எங்கம்மா. ஆஸ்பத்திரியில படுக்க வெக்கத்தான் கூட்டிக்கினு போறேன். அப்பா கரும்பு வெட்டுல இருக்காரு, சாயங்காலம் வருவாரு. வயித்துல கட்டி பெரிம்மா. ரெண்டு வருசமா தூரம் நிக்காம பெரும்பாடு, யாருகிட்டயும் சொல்லாம துணியைத் தொவைச்சித் தொவைச்சிப் போட்டுக்கினு இருந்திருக்குது. நானும் ஒரே வூட்ல தவளை வரைஞ்சிக்கினு இருந்திருக்கேன். திங்கக்கிழமை ஆபரேசன். ரத்தம் ஏத்தாம கத்தி வெக்க முடியாதுன்னுட்டாங்க. அம்மாவோட ரத்தம் லேசுல கெடைக்கற ரத்தம் இல்லியாம். அப்பாவுக்குச் சேரல. அக்காவுக்குச் சேருது, ஆனா அவ கைக்கொழந்தக்காரி, அவகிட்ட எடுக்க மாட்டாங்க. அப்பறம் நான்தான், நாப்பத்தஞ்சி கிலோ இருந்தாத்தான் ரத்தம் எடுப்பாங்களாம்.

சொல்லிப் பாத்தோம். கல்யாணம் ஆவாத பொண்ணோட ரத்தத்தை உறிஞ்சித்தான் நான் உசுரோட இருக்கணும்னா செத்தே போறேன்னு ஆஸ்பத்திரிக் கட்டிலை வுட்டு எறங்கி வூட்டுக்கு வந்துடுச்சி. அதனால இப்ப யாரோ முகந்தெரியாதவங்க குடுக்கறதுன்னு அதுகிட்ட சொல்லி வெச்சிருக்கோம். அந்தப் புண்ணியவானுக்குத்தான் இப்ப செபமாலை சொல்லிக்கினு வருது. வில்லியனூர் மாதாவைப் பாத்து கையெடுத்து கும்பிட்டுச்சே, அதுவும் அவருக்குத்தான்.

ஐய, நீங்க ஏன் பெரிம்மா கண்ணைத் தொடைச்சிக்கினு. எனக்கு இதுல ஒரே ஒரு கவலைதான். எங்கம்மா இந்த தபசுல ஒரு கவிச்சி தொடல. நான் தின்ன முட்டை, ஈரலு, சுவரொட்டி அத்தனையும் திங்கக்கிழமை அது ஒடம்புல ஏறப் போவுது. தெரிஞ்சா அதுக்கும் சேத்து ஒருசந்தி இருக்கும்.

கேட்டு தூக்கறான். பையைக் கொஞ்சம் ஒசத்திப் புடிங்க, அம்மா திரும்புது. இன்னும் ஒரு முட்டை இருக்குது.