பட்டர் பீன்ஸ் பறிக்கும் வரை

மலையில் தக்காளி வராது என்று சொல்பவர்கள் சோம்பேறிகள். வரும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டி, மழை நேராக இலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் ஜூலையில்கூட வரும். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசையில், பன்னிரண்டு வீடுகள். பதினோரு வீட்டுக்காரர்கள் தக்காளிக்குப் பூப்பாறை வரை பஸ் ஏறுவார்கள். நான் பின்கதவைத் திறப்பேன்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீஜா மேடம் அப்படித்தான் சொன்னார். தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவைத்து, "அம்மச்சி, தமிழ்ல எழுதினா மதி. முதல்ல இருந்து எழுதணும், ஒண்ணும் விடண்டா" என்று மலையாளம் கலந்து சொன்னார். முதல் என்றால் எனக்குத் தோட்டம்தான்.

என் பெயர் ஞானஜோதி. வயது ஐம்பத்தொன்பது. உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரும் நான்தான். பதினாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதி வருவதால் கோர்வையாக எழுத வரும்.

லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை நான் கல்யாணமாகி வந்தபோது பார்த்தவர்கள் அதைத் தோட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சரிவு, கல், அட்டை. கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டினேன். மாட்டுக்கொட்டகை மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினேன். இன்றைக்கு அங்கே கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், பூண்டு, மூன்று வகைக் கீரை, பந்தலில் சௌசௌ, கம்பில் பட்டர் பீன்ஸ். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் கேக் மாதிரி உதிரும். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

அந்த வீடு எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கவேண்டும். அது வேலைக்காரர்களின் பெயர்ப்பட்டியல். பெயர் இருக்கும்வரை வீடு, வீடு இருக்கும்வரை தோட்டம். கடைசிப் பெயரையும் வெட்டிவிட்டால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்கவேண்டியதுதான். எனக்கு ஒரு வருடம் முன்பு ஓய்வு. வீட்டுக்காரர் பத்து வருடம் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். மிச்சம் இருந்தது என் ஒரே மகள் ரிஞ்சு.

ரிஞ்சு நர்ஸ் படித்தவள். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் இருந்தாள். ஜெர்மனிக்குப் போகவேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பாஷையைப் போனில் படிக்க ஆரம்பித்தாள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் என் சௌசௌ பந்தல். நான் களை எடுப்பேன், அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பாடம் சொல்வாள். உருளைக்கிழங்குக்கு அவர்கள் ஊரில் கார்டோஃபல் என்று பெயராம். நான் கிழங்கைத் தோண்டித் தோண்டி "கார்டோஃபல், கார்டோஃபல்" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். தாயும் மகளும் அப்படி இருந்தோம்.

எனக்கு ஓய்வு கொடுத்த வாரத்திலேயே அவள் பெயரைச் செக்ரோலில் சேர்த்தோம். அவள் மறுக்கவில்லை. "ஆறு மாசந்தாம்மா. விசா வந்ததும் பேர வெட்டிருவேன், சரியா?" என்றாள். நானும் சரி என்றேன். காலையில் கொழுந்துக் கூடையோடு போவாள், சாயங்காலம் பந்தலடியில் பாடம். ஆறு மாதம் என்பது எனக்கு ஒரு முட்டைக்கோஸ் போகம், ஒரு கேரட் போகம். அவ்வளவுதான்.

இனி ஸ்வெட்டர். பின்னுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பழைய போதகரின் மனைவி பின்சி அக்கா. தொடங்குவதில் நான் சூரப்புலி, முடிப்பதில் பூஜ்யம். கட்டிலுக்கடியில் ஒரு பிரம்புக்கூடை நிறைய அரைகுறைகள். வீட்டுக்காரருக்குத் தொடங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டருக்கு ஒரு கை இல்லை. ரிஞ்சுவுக்கு நான்கு வயதில் தொடங்கிய சிவப்புக்கு முதுகு இல்லை, அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டாள். அவள் நர்சிங் சேர்ந்த வருடம் தொடங்கிய கருநீலம் ஊசியிலேயே நின்றிருந்தது. ஓய்வு பெற்றவளுக்கு ஒரு வேலை வேண்டுமே, இதையெல்லாம் முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் தோட்டக்காரிக்கு உட்கார நேரம் ஏது?

அக்டோபரில் அவளுக்குக் கொச்சியில் பரீட்சை. கிளம்பவேண்டிய காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, கிறுகிறுப்பு, வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. பதினோரு நாள் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கஞ்சி கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பின்னினேன். வெளியே தூறல், உள்ளே அடுப்பு, என் பிள்ளை என் கண் முன்னால். சாம்பல் நிற ஸ்வெட்டருக்குக் கை முளைத்தது. அதைச் சபையில் ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன், வாயார வாழ்த்தினார்.

ஜனவரியில் மறுபடி பரீட்சை, மறுபடி அதே உபாதை. சிவப்பு ஸ்வெட்டரை முடித்து அடுத்த வீட்டு எப்சிபாவின் பேத்திக்குக் கொடுத்தேன். டாக்டர், உடம்புக்குச் சேராத எதையோ தின்றிருக்கிறாள் என்றார். ரிஞ்சு அப்படி நினைக்கவில்லை. "பரீட்சைன்னா எனக்குப் பயம் போலம்மா. மனசுதான் வயித்தப் போட்டுக் கலக்குது" என்று அழுதாள். நான் தலையைத் தடவி, இருவருமாக முழங்காலில் நின்று அவளுக்குத் தைரியம் வரவேண்டும் என்று ஜெபித்தோம்.

அந்தச் செடி எங்கள் வேலியோரத்தில், பூண்டுப் பாத்திக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது என்பதற்காக வேலிக்கு நட்டது. பெயரை எழுதவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரும் கெட்டுப்போகக் கூடாது. கீரையோடு சேர்த்து வதக்கினால் வித்தியாசம் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏப்ரலில் தேனியில் தோழிக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு போனாள். போனது பரீட்சைக்கு. பாஸான பிறகுதான் என்னிடம் சொன்னாள். பெற்ற தாயிடம் பொய் சொல்லி ஒரு பிள்ளை அப்படிப் போகலாமா? அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனாலும் அவளுக்குப் பிடிக்கும் என்று அன்று கேரட் அல்வா கிண்டினேன்.

ஜூலைக் கடைசியில் விசா வந்தது, ஆகஸ்டில் டிக்கெட். பந்தலடியில் வைத்துத்தான் சொன்னாள். "எம்மா, போடியில ஒரு மாடி வீடு பாத்துருக்கேன். நீ எதுக்கு இனியும் இந்த அட்டைக்கடியில கெடக்கணும்? பைப்புல தண்ணி வருது, பக்கத்துலயே சபை."

"என் செடியெல்லாம்?" என்றேன்.

"மொட்டை மாடியில தொட்டி வச்சு வளத்துக்கயேன். நான் வாங்கித் தாரேன்."

தொட்டியாம். முட்டைக்கோஸைத் தொட்டியில் வைக்கச் சொல்கிறாள், படித்த பிள்ளை. போடியில் அடிக்கிற வெயிலுக்கு மல்லி முளைக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். சரிடா கண்ணு என்றேன். அங்கே பனி கொட்டுமே என்று அன்றைக்கே கருநீலத்தைக் கூடையிலிருந்து வெளியே எடுத்தேன்.

பதினோரு நாள் இந்த முறை போதாது. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளலாம், இரண்டு வாரம் தள்ளலாம், விசாவுக்கோ மூன்று மாதம் ஆயுள் இருந்தது. ஆகவே நானே கணக்குப் போட்டுக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். பயணத்துக்கு முந்தின நாள் காலை, அவளுக்கென்று தனியாகச் சின்னச் சட்டியில் கீரைக் கூட்டு. மத்தியானம் சாப்பிடு என்று சொல்லிவிட்டு ஐக்கியக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைய குறிப்பேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, ரிஞ்சுவின் பயணத்துக்காக ஜெபித்தோம் என்றும் எழுதியிருக்கிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும். எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குச் சாப்பாட்டோடு வந்தால், திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகக் கூடாது. ஒரு கரண்டி குழம்பாவது, நாலு பச்சை மிளகாயாவது வேண்டும். அன்று எப்சிபா, பிள்ளை வெளிநாடு போகிறாளே என்று கோழிக்குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள். ரிஞ்சு கிண்ணத்தைக் கழுவி, தன் கூட்டில் பாதியை அதில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த ஒழுக்கத்தை அவளுக்குப் பழக்கியவளும் நான்தான்.

பாதிதான் அவள் தின்றிருக்கிறாள். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். கோழிக்குழம்பு என்றேன். என்னவென்று தெரிந்திருந்தால் மாற்று மருந்து இருந்ததாம், பிறகு சொன்னார். நானும் அந்த மூன்று தடவையும் சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. சொன்னால் ஆட்களை அனுப்பி வேலியோரத்தைக் கிளறுவார்கள். மழையில் ஊறிய மண், பூண்டு அப்போதுதான் குருத்து விட்டிருந்தது.

இரண்டாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. "எம்மா, டிக்கெட்ட மாத்தச் சொல்லு" என்றாள். மாத்திரலாம்டா என்றேன். அதற்குப்பின் அவள் பேசியது எதுவும் புரியும்படி இல்லை. நான் பின்னிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் மத்தியானம் கழுத்துப்பட்டியில் கடைசிக் கண்ணியை முடித்து நூலை வெட்டினேன். அரைமணி நேரம் கழித்து நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

அந்த ஸ்வெட்டரைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கை மட்டும் ஒரு விரல் நீளம். துவைத்தால் சுருங்கும் என்று சேர்த்துப் பின்னியிருந்தேன்.

எப்சிபா அடக்கத்துக்கு மறுநாள் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அன்று இரண்டு வாய் தின்றதும் உப்பில்லை என்று மீதியைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் வாந்தி அவளுக்கு. நான்கு கோழியும் செத்துப்போயின. "ஏக்கா, ஒரே சட்டிக் கீரைதான? நீங்க திங்கலயாக்கா?" என்றாள். எனக்குக் கீரை ஆகாது என்றேன். முப்பது வருடமாக என் கீரையை வாங்கித் தின்றவள், அதை நம்புவாளா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. என் கீரையில் உப்பில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அங்கிருந்து நேரே இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

ஆகவே, மேடம், எழுதிவிடுகிறேன். அக்டோபரில் வைத்தவள் நான். ஜனவரியில் வைத்தவள் நான். ஆகஸ்டில் கூடுதலாக வைத்ததும், டாக்டர் கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான். யாரும் தூண்டவில்லை. சுயநினைவோடு எழுதுகிறேன். என் மகள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, உயிரையே வைத்திருந்தேன். அவள் தலைக்குமேல் ஒரு கூரை இருக்கவேண்டும், கால் வைக்க ஒரு பிடி மண் இருக்கவேண்டும் என்றுதான் ஒரு தாயாக இத்தனையும் பார்த்தேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். பட்டர் பீன்ஸ் காய் திரண்டு நிற்கிறது, இன்னும் பத்து நாளில் பறிக்கலாம், விட்டால் முற்றிவிடும். அடக்கத்துக்கு வந்த சூப்பர்வைசர் கோகுல்நாத் சாரிடம் கல்லறையிலேயே கேட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் சொன்னால் ஆபீஸில் கேட்பார்கள். பீன்ஸ் பறிக்கும் வரைக்குமாவது ரிஞ்சுவின் பெயரைச் செக்ரோலில் இருந்து வெட்டவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.