கபிரியேல் வளைவு

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, எஸ்.ஐ. சார். சுற்றிலும் தேயிலைக் காடு, ஆனால் நல்ல டீ கிடைக்காத ஊர் இது. நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போய்விடும், நமக்குத் தூசிதான். வாயால் சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். பாலக்காட்டுக்காரர், தமிழ் வாசிப்பீர்கள் என்று ரைட்டர் சொன்னார். பேனா கசிகிறது. பரவாயில்லை, கிரீஸில் ஊறிய விரல்தான்.

என் பெயர் ரத்தினசாமி. சூரியநெல்லிக்குக் கீழே உள்ள எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர். போன வருடம், எழுபத்தெட்டில், ரிட்டயர் ஆனேன். ஃபேக்டரி ரோலர் இருமினால், வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே எந்தப் பல்லில் சளி என்று சொல்லிவிடுவேன். இதில் பாதி மிகை என்று கழித்துவிடுங்கள். மீதிப் பாதிக்கே இந்த மலையில் ஆள் கிடையாது.

பழைய வெள்ளைக்கார துரை போகும்போது ஒரு சின்ன டிராக்டரை விட்டுவிட்டுப் போனார். பங்களா தோட்டத்தில் புல் வெட்டுவதற்கு. நன்றாக வளர்ந்த எருமைக்கன்று அளவுதான் இருக்கும். கூடவே பிரிக்காத ஒரு மரப்பெட்டி. எழுபத்தாறு மே மாதம் மேனேஜர் அதை உடைக்கச் சொன்னார். உள்ளே முறத்தை நிமிர்த்தியதுபோல வளைந்த இரும்புத் தகடு, சக்கரத்தில் சுற்றும் சங்கிலி, பின்னால் மாட்டும் எடைக்கட்டி, ஒரு படப்புத்தகம். படத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தன் வாசலில் பஞ்சுபோலக் குவிந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் மார்கழியில் புல் நுனி வெளுக்கும், ஒரு வெயிலுக்குக் காணாமல் போகும். அதற்கு டிராக்டர் எதற்கு? ஆனால் மழைக்காலத்தில் போடிமெட்டு ரோட்டில் மலை சரிந்து சேறு விழும். பனி தள்ளுகிற வண்டி சேறு தள்ளாதா என்று மேனேஜர் கேட்டார். தள்ள வைக்கிறேன் என்றேன்.

பதினெட்டு நாள் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படங்களைப் பார்த்துப் பார்த்து அந்தத் தொப்பிக்காரன் என் கனவில் வந்து தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் சங்கிலி கட்டினேன். மூக்குக் குத்தாமலிருக்கப் பின்னால் எடை ஏற்றினேன். சேறு பள்ளத்துப் பக்கம் ஒதுங்கத் தகட்டைச் சாய்த்து மாட்டினேன். இதெல்லாம் எவனும் செய்வான். சூட்சுமம் ஆணியில் இருந்தது. தகட்டை நிமிர்த்திப் பிடிப்பது ஒரே ஓர் ஆணி, சுண்டுவிரல் கனம். அது மிருதுவான இரும்பில்தான் இருக்க வேண்டும். சேற்றுக்குள் பாறை இடித்தால் ஆணி முறியும், தகடு மடங்கும், வண்டிக்கு அடி விழாது. ஆணி சாகும், ஆள் பிழைப்பான். அந்த ஆணிகளை ஒவ்வொன்றாக லேத்தில் நானே கடைந்தேன்.

வண்டி தயாரானதும் மேனேஜர் அதன் சீட்டில் ஏற்றியது கபிரியேலை. லாரி டிரைவர், சாந்தன்பாறைப் பையன், முப்பது வயதுகூட இல்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது என்றார்கள். நியாயம்தான். எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் முதல் சரிவு. முக்கால் மணி நேரத்தில் ரோடு திறந்தது. கொழுந்து கிள்ளும் பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். பூமாரி என்று ஒருத்தி, வாய் எஸ்டேட் சங்கைவிடப் பெரிது. "ஏ கபிரியேலு, நீ மலையையே தள்ளி மதுரையில போட்டுருவ போலயே" என்றாள். வண்டியைப் பூட்டிக் கொடுத்தவன் அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு சரிவுக்கு ஓர் ஆணி முறிந்தது. முறிய வேண்டியதுதான். ஆனால் கடைத்தெருவில் நான் போனால், "ரத்தினண்ணன் ஆணி அப்பளம் கணக்கா நொறுங்குதாமே. பேசாம முறுக்குக் கடை போடச் சொல்லுங்கடி" என்று பூமாரி ஆரம்பிப்பாள். கபிரியேல் குறுக்கே வந்து, "ஏய், ஆணி முறியிறதுதான் அண்ணன் கெட்டிக்காரத்தனம், ஒனக்கென்ன தெரியும்" என்பான். எனக்காக விளக்கம் சொல்ல இவன் யார், சார்?

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. இருபது வருடமாக வொர்க் ஷாப்பில் முதல் மாலை ஃபிட்டருக்கு. அது எஸ்டேட் வழக்கம். அந்த வருடம் மேனேஜர் முதல் மாலையை டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் கழுத்தில் போட்டார். அவன் குதித்து இறங்கி, அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுக் காலைத் தொட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கைதட்டினார்கள். அவன் வியர்வை பட்ட மாலை. பொரி முழுவதும் வழங்கி முடியும்வரை அதைக் கழற்றாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே ஒரு லாரி ஆக்சில் துண்டை எடுத்துக் கடைந்தேன். உலையில் பழுக்க வைத்து எண்ணெயில் முக்கினேன். அதில் யானையைக் கட்டலாம். ஊர் முறியாத ஆணி கேட்டது, செய்தேன்.

ஐப்பசி அடைமழையில் எட்டாம் மைலுக்கு அப்பால் பெரிய சரிவு. விடிந்ததும் நான்தான் முதலில் போய்க் கம்பியால் சேற்றைக் குத்திப் பார்த்தேன். மலைப்பக்கம், இடுப்பாழத்தில், படுத்த மாடு அளவுக்குப் பாறை. கம்பியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஆணியை மாட்டினேன்.

கபிரியேல் குனிந்து பார்த்தான். "புது ஆணியாண்ணே? பளபளங்குதே."

"ஊரு கேட்ட ஆணிடா. இனி முறியாது."

"முறியலேன்னா தகடு மடங்காதேண்ணே?"

"ஓட்டுறவன் நீ, மாட்டுறவன் நான். யாரு வேலய யாரு பாக்குறது?"

சிரித்தான். நல்ல பல்வரிசை. "ஒங்க கை பட்டதுல எனக்கென்னண்ணே பயம். உள்ள பாறை கீறை கெடக்கா?"

"பாத்துட்டேன். அல்வா மாதிரிச் சேறு."

தகட்டின் மலைப்பக்க முனை பாறையில் இடித்தது. ஆணி முறியவில்லை. சங்கிலி கட்டிய சக்கரம் வழுக்கவில்லை. வண்டி இடித்த இடத்தையே அச்சாக வைத்துச் சுழன்றது; பின்பக்கம் ரோட்டைத் தாண்டி வெளியே போனது. நான் பூட்டியது ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்தது. இருநூறு அடிப் பள்ளம். இதில் நான் மிகைப்படுத்தவில்லை, உங்கள் ஆட்களே அளந்தார்கள்.

மெஷின் தெரிந்தவன் என்று என்னைத்தான் கயிறு கட்டி இறக்கினார்கள். முதலில் ஆணியைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகுதான் அவனைப் பார்த்தேன். ஆணியில் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் மேஜைமேல் இப்போது இருப்பது அதுதான், தடவிப் பாருங்கள். விசாரணையில், மழை, ரோட்டு ஓரம் இடிந்துவிட்டது என்றேன். ஃபிட்டரே சொன்னபிறகு யார் கேட்பார்கள்?

அவன் மனைவி பிலோமி கிறிஸ்துமஸுக்கு இன்னும் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள். "கடைசியா ஒங்ககூடத்தான பேசினாரு, என்ன சொன்னாரு" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். மெஷினைப் பாராட்டினான் என்று சொல்வேன். அது பொய்யில்லை.

இத்தனையும் இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளப் போனீர்கள், நான்தான் தடுத்தேன். அந்த வளைவில் ஒரு சிலுவை நட்டார்கள். சரி, செத்தவனுக்கு ஒரு சிலுவை. பிறகு மெழுகுவத்தி. பிறகு பஸ் அங்கே நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தது. போன வாரம் பூப்பாறையிலிருந்து வருகிறேன், கண்டக்டர் விசிலடித்து, "கபிரியேல் வளைவு எறங்கு" என்கிறான். ரோட்டோரம் மஞ்சள் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் அவன் பெயர். முப்பத்தொரு வருடம் உழைத்தவன் பெயரில் அந்த எஸ்டேட்டில் ஒரு குழாயடிகூட இல்லை.

நீங்கள் படித்தவர், நியாயம் சொல்லுங்கள். வண்டியைப் பூட்டியது நான். ஆணியைக் கடைந்தது நான். பாறையைக் கண்டுபிடித்தது நான். அந்த வளைவில் நடந்தது அத்தனையும் என் வேலை. கபிரியேல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். விலங்கு மாட்டுவதானால் மாட்டுங்கள். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது ஜீப்பை அந்த வளைவில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்பதரை பஸ் வருகிற நேரமாக இருந்தால் நல்லது. அதில்தான் கூட்டம் அதிகம்.