மூன்று மில்லிமீட்டர்

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அது கிடக்கட்டும் என்று அவர்களை உட்காரவைத்து நான் கால் நீளத்தை அளப்பேன். ட்ரையத்லான் என்றால் நீந்திய ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏற வேண்டும், இறங்கின கையோடு ஓடவும் வேண்டும். அந்த ஓட்டத்துக்குத் தொடையில் தெம்பை மிச்சம் வைக்கிற சைக்கிள்தான் நல்ல சைக்கிள். இருபத்திரண்டு வருடமாக ஆளுக்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கேற்றபடி பொருத்திக் கொடுக்கிறேன். முட்டி வலிக்கிறது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை, என் மகளைத் தவிர.

புகார் கொடுத்தது அவள்தான் என்றீர்கள். எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் சார், அவளுக்குப் பொய் வராது. ஏன் செய்தேன் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா ஆறு மாத வேலை என்று வேறு ஊருக்குப் போனாள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது, நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரு ட்ரையத்லான் தேர்வுப் பந்தயம் வந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வெளிநாட்டில் பயிற்சி முகாம்.

"ஆறே மாசம்தாம்பா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்," என்றாள்.

அவள் அம்மாவும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் சைக்கிளை நானேதான் தேர்ந்தெடுத்து, நானேதான் பொருத்தியிருந்தேன். சீட்டைத் தாங்கும் தண்டில் சரியான உயரத்துக்கு அடையாளமாக ஒரு கறுப்பு டேப் ஒட்டுவோம். வண்டியைக் கழற்றி மாட்டினால் பந்தயக்காரர்கள் அந்த டேப்பை நம்பித்தான் உயரம் வைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டை மூன்று மில்லிமீட்டர் இறக்கி, டேப்பைப் பிரித்துப் புது இடத்தில் ஒட்டினேன். மூன்று மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு இன்னொரு மூன்று.

ஒரே ஒரு பந்தயம் தவறினால் போதும் என்றுதான் நினைத்தேன். சீட் தாழ்ந்தால் மிதிக்கிற பாரமெல்லாம் முட்டியில் விழும்; லேசாக வலிக்கும், ஓய்வெடுப்பாள், தேதி தாண்டிவிடும். அவள் பிடிவாதத்தை மறந்துவிட்டேன். அது என்னிடமிருந்து வந்ததுதான். வலி வந்த பிறகும் ஒரு நாள் விடாமல் மிதித்தாள். ஆறாவது வாரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு நான் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கோச்சம்மா சீட்டை ஒருதரம் பாக்கச் சொல்றாங்க. உங்க அளவு தப்பாவே இருக்காதுன்னு சொல்லிட்டேம்பா. என் காலுதான் சரியில்ல."

அழுகை வந்தது சார், நிஜமாகவே வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மூன்று இறக்கினேன்.

பந்தயத்தன்று சைக்கிளை முடித்து ஓட இறங்கியவள் நாலடி வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முட்டியிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி வளராது, ஓடுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அதன் பிறகு ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தாள். மறைப்பானேன், அந்த ஏழு மாதம் எனக்கு நன்றாகவே போயிற்று. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போன வாரம் சைக்கிளை விற்கலாம் என்று வேறொரு கடைக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கடைக்காரர் அவள் கால் அளவைக் கேட்டுவிட்டு, இவ்வளவு தாழ்வாக யார் வைத்தது என்று கேட்டாராம். அவள் என்னிடம் கத்தவில்லை.

"தெரியாம நடந்துபோச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று நான் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் முகம் கெஞ்சியது.

"தெரிஞ்சுதாம்மா," என்றேன். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கோச்சம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எட்டு ஞாயிற்றுக்கிழமை, என் கையால், தெரிந்தே செய்தேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோச்சம்மா வீடு மூன்றாவது மாடியாம், லிஃப்ட் இல்லையாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி சார் ஏறி இறங்குவாள்? வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது, பார்த்துக்கொள்ள நானும் இருக்கிறேன்.