வைக்கோல் களிம்பு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்து. முன் இருக்கையில், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருவர்.

"நேத்து வைக்கோலப் பூசிக்கினு எறா புடிச்சேன்க்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"காலேஜு சாரு வைக்கோல்லேர்ந்து லிக்னின்னு ஒண்ணு பிரிச்சு களிம்பு பண்ணிக்கீறாரு. பூசுனா வெயிலு தோல சுடாதாம்."

"வைக்கோலத் தின்ற மாடே நெழலத் தேடிக்கினுதான ஓடுது?"

"கையி வழவழன்னு ஆயி, புடிச்ச எறால்லாம் நழுவிப் போச்சு. எறா போட பல்லுல கடிச்சிருந்த ஓலப் பறி காலியாவே கெடந்துச்சு."

"சாராண்ட சொன்னியா?"

"சொன்னேன். 'தோல் எரிஞ்சுதா?'ன்னாரு. இல்லன்னேன். 'வெற்றி'ன்னு எழுதிக்கினாரு. அடுத்த வாரம் குப்பத்துக்கே குடுக்கப் போறாராம்."

மூத்தவள் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.

"எறாவுக்கு நல்ல காலம்."