மாமனார் பேர்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்கு போகும் ஃபெரியில், எனக்கு எதிரே கைக்குழந்தையோடு ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கப்பா பேரை வச்சா, பெத்த பிள்ளையை நான் எப்படிங்க கூப்பிடுறது? மாமனார் பேரை வாயால சொல்லலாமா?" என்றாள் அவள்.

"வேற பேரு வைக்க மனசு வரலை."

"நம்ம கல்யாணத்துக்கே வராதவரு. என்னை மருமகள்னே ஒத்துக்கலை."

"எனக்கும் கோவந்தான். ஆனா தந்தி கிடைச்சு, கப்பலேறி நாகப்பட்டினம் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்னு இங்கேயே இருந்துட்டேன். கொள்ளி வைக்கக்கூடப் போகலை. பேராச்சும் இருக்கட்டும்."

படகுத்துறை நெருங்கும்போது குழந்தை அழுதது. அவள் சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பேரைக் கேட்டு அதட்ட, சொந்தம் என்று அங்கே ஒருவரும் இல்லை. குனிந்து குழந்தையின் காதில், "முத்தையா" என்றாள்.

அவன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.